அட்டவணையக்காவின் கையெழுத்து

அவளைத் தெரிந்தவர்கள் இரண்டு வகை. ஒரு வகைக்கு அவள் இன்சூரன்ஸ் கம்பெனியின் மூன்றாவது மாடியில், பிரின்டருக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து மென்பொருளில் பிழை தேடுகிறவள். பிரின்டரில் காகிதம் சிக்கினால் முதலில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அது என் வேலை இல்லை என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த அளவுக்கு நல்லவள், அல்லது அந்த அளவுக்குப் பயந்தவள். இன்னொரு வகை, அவள் முகத்தையே பார்த்திராதவர்கள். அவர்களில் பாதிப் பேருக்கு யார் முகத்தையும் பார்க்க முடியாது. அவர்களுக்கு அவள் 'அட்டவணையக்கா'.

வாசிப்பான் என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. கணினித் திரையில் இருப்பதைப் பார்வையில்லாதவர்களுக்கு வாய்விட்டு வாசிக்கும். அதை எழுதியவர்கள் எல்லாரும் வேறெங்கோ உழைத்து வயிறு வளர்த்துக்கொண்டு, மிச்ச நேரத்தில் எழுதியவர்கள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை ஊருக்கே கொடுக்கலாம். ஒரே நிபந்தனை, வாங்கியவன் அதைப் பூட்டி வைத்துக்கொள்ளக் கூடாது. அந்த வாசிப்பானுக்கு ஒரு காலத்தில் பெரிய நோய் இருந்தது. அட்டவணை வந்தால் உளறும். "வடக்குத் தெரு, உடைப்பு, நேற்று, இல்லை, ஆம்" என்று கட்டம் கட்டமாகக் கொட்டிவிட்டு மூச்சு வாங்கும். எந்த 'ஆம்' எதற்குச் சொந்தம் என்று கேட்பவன் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இப்போது அப்படியில்லை. "தெரு: வடக்குத் தெரு. புகார்: உடைப்பு. சரிசெய்தாயிற்றா: இல்லை" என்று தலைப்போடு சேர்த்து, கையைப் பிடித்து அழைத்துப் போகிற மாதிரி வாசிக்கும். அந்த வேலையைச் செய்யும் நிரல் அவள் பெயரில் இருக்கிறது. பட்டப்பெயர் வந்தது அப்படித்தான்.

அவள் பெயரில் இருக்கிறது என்றுதான் சொன்னேன். எழுதியது அவள் தம்பி.

தம்பிக்குப் பிறந்ததிலிருந்தே பார்வை இல்லை. குடிநீர் அலுவலகத்தில் புகார்த் தொலைபேசிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறான். கல்லூரியில் படிக்கும்போது வாசிப்பானின் உளறலைத் தாங்க முடியாமல் தானே உட்கார்ந்து நிரல் எழுதினான். எழுதியதை அனுப்ப வேண்டுமென்றால் அந்தத் தளத்தில் கணக்குத் தொடங்க வேண்டும். தொடங்கப் போனால், நீ மனிதன்தானா என்று பார்க்க ஒரு படப் புதிரை நீட்டியது. எந்தெந்தக் கட்டத்தில் போக்குவரத்து விளக்கு இருக்கிறது, தொட்டுக் காட்டு என்றது.

"அக்கா, கண்ணு தெரியாதவனுக்கான சாஃப்ட்வேர்ல சேரணும்னா கண்ணு தெரியணுமாம்" என்றான்.

இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அவள் தன் பெயரிலும் தன் மின்னஞ்சலிலும் கணக்கைத் திறந்தாள். அந்தக் கணக்கு வழியாக அவன் அனுப்பிய முதல் திருத்தம் அட்டவணை அல்ல, அவள் பெயர். வாசிப்பான் அதை நடுவில் ஒடித்து, பாதியை விழுங்கி, ஏதோ மருந்தின் பெயரைப் போலச் சொல்லிக்கொண்டிருந்தது. "எங்க அக்கா பேரை இது கடிச்சுத் துப்புது, முதல்ல அதைச் சரிபண்றேன்" என்று உச்சரிப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்தான். அன்றிலிருந்து உலகத்தில் எந்த மூலையில் வாசிப்பான் ஓடினாலும் அவள் பெயரைப் பிசகில்லாமல் சொல்லும்.

பின்னால் அந்தத் தளத்தில் படத்துக்குப் பதிலாக ஒலிப் புதிரும் வந்தது. அவன் பெயரில் தனிக் கணக்குத் திறந்திருக்கலாம். "விடுக்கா, ரெண்டு பேருக்கும் ஒரே கதவு போதும்" என்றான். அவளும் வற்புறுத்தவில்லை. அவள் வற்புறுத்தவில்லை என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் நான் அவளுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்றாகிவிடும். வேலை அவர்களுக்குள் தானாகப் பிரிந்துகொண்டது. நிரல் அவனது, வாய் இவளது. வருகிற புகார்களைப் படிப்பது, பதில் எழுதுவது, கோபக்காரர்களைத் தணிப்பது, புதிதாக வருகிறவர்களை உட்காரவைத்துப் பேசுவது எல்லாம் அவள். "அக்கா, உங்களாலதான் நான் பரீட்சை எழுதினேன்" என்று யாராவது எழுதினால் தம்பிக்கு வாசித்துக் காட்டுவாள். அவன் தலையாட்டிக்கொள்வான். அந்த மகிழ்ச்சியில் ஒரு பங்கு தனக்கும் உண்டு என்று அவள் நினைத்ததில் தப்பில்லை. முழுப் பங்கும் தன் பெயருக்கு வந்துகொண்டிருந்ததை இருவருமே கவனிக்காத மாதிரி இருந்துவிட்டார்கள்.

இன்சூரன்ஸ் கம்பெனி நேர்முகத்தில் அதிகாரி அந்தத் தளத்தில் அவள் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "இதெல்லாம் நீங்க எழுதினதா?" என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அந்த ஆமாமில்தான் இன்றுவரை வீட்டில் அடுப்பு எரிகிறது.

வீடு என்றால் இரண்டு அறை. ஒன்றில் அவளும் அவள் கணவரும். மற்றொன்றில் தம்பியும், காயப்போட்ட துணிகளும், கணவரின் கருவிப் பெட்டியும். கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். தம்பி வீட்டில் காதில் எதுவும் மாட்டிக்கொள்வதில்லை. அலுவலகத்தில் நாளெல்லாம் மாட்டிக் காது புண்ணாகிறது என்று வீட்டில் ஒலிபெருக்கியில் ஓடவிடுவான். அதுவும் அவன் கேட்கிற வேகத்தில் மனிதப் பிறவி யாருக்கும் ஒரு சொல் பிடிபடாது. "மச்சான், இது பேசுதா, தையல் மெஷின் ஓடுதா?" என்று கணவர் வாரம் ஒருமுறையாவது கேட்பார். அந்தச் சத்தம் இருந்தால் வீட்டில் எல்லாரும் நலம் என்று அர்த்தம்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு சின்னத் திருத்தம் அனுப்பப் போய் அவள் மாட்டிக்கொண்டாள்.

அனுப்பியது தம்பி எழுதிய ஒரு சிறு ஒட்டு, ஏற்கெனவே இருக்கும் நிரலில் நாலைந்து வரித் திருத்தம். எப்போதும் அரைநாளில் யாராவது பார்த்துச் சேர்த்துவிடுவார்கள். இந்த முறை மனிதர்கள் வருவதற்குள் பாட் என்கிற தானியங்கி ஒன்று வந்து பதில் போட்டது. 'உங்கள் பங்களிப்புக்கு நன்றி! இதை ஏற்பதற்கு முன் நீங்கள் பங்களிப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும்.' பக்கத்தில் ஒரு சிவப்புப் பெருக்கல் குறி. வாசிப்பானை ஒரு கம்பெனி ஏற்று நடத்தப்போகிறது என்று கொஞ்ச நாளாகப் பேச்சு இருந்தது. நடந்தேவிட்டது. இனிமேல் அனுப்புவதற்கு மட்டுமல்ல, இதுவரை அனுப்பியதற்கும் சேர்த்துக் கையெழுத்து வேண்டுமாம். அடுத்த பதிப்புக்குள் கையெழுத்து வராதவர்களின் நிரல் அகற்றப்படுமாம்.

ஒப்பந்தத்தில் முக்கியமானவை மூன்று வரிகள். இது என் சொந்தப் படைப்பு. இதில் என் முதலாளிக்கு எந்த உரிமையும் இல்லை. கம்பெனி இதைத் தனக்கு விருப்பமான எந்த உரிமத்தின் கீழும், இன்றுள்ளதோ நாளை வருவதோ, வெளியிட்டுக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் முன்னால் டிக் போட ஒரு சின்னக் கட்டம்.

தம்பி அதைத் தன் தையல் மெஷின் வேகத்தில் கேட்டான். திரும்பவும் கேட்டான். பிறகு நிறுத்திவிட்டு, "போடாதக்கா" என்றான்.

"முழுசா யோசிச்சியா?"

"இதுல யோசிக்க என்ன இருக்கு? எங்க ஆஃபீஸ்ல தெருக் குழாய் போடுறாங்க இல்ல, யார் வேணா வந்து பிடிச்சுக்கலாம்னு. தெருக்காரங்களே பள்ளம் தோண்டிப் போட்ட குழாய்னு வெச்சுக்கோ. இப்ப ஒருத்தன் வந்து, ரொம்ப நல்ல குழாய், நான் பாத்துக்கறேன், ஆனா என்னைக்காவது பூட்டுப் போடணும்னு தோணிச்சுன்னா போட்டுக்கலாம்னு எழுதிக் கொடுங்கன்றான். கொடுப்பியா?"

"பூட்ட மாட்டோம்னு சொல்றாங்களே."

"பூட்டாதவனுக்கு எதுக்கு அந்த வரி? அதை மட்டும் அடிச்சுடச் சொல்லு, நான் இன்னைக்கே சம்மதிக்கறேன்."

"உன் வேலை என்னாகும்? அட்டவணையை எடுத்துட்டா உன் புகார் ரிஜிஸ்டரை அது எப்படி வாசிக்கும்?"

"பழைய பதிப்பை வெச்சு ஓட்டுவேன். இல்லன்னா நாமளே தனியா எடுத்து நடத்துவோம். உரிமம் அதுக்குத்தானே இருக்கு?"

"உங்க ஆஃபீஸ்ல சிஸ்டம் பிரிவு அனுப்பறதைத் தவிர ஒரு எழுத்து உள்ள போகாது. புதுப் பதிப்பு வந்தா பழசை அவங்களே அழிச்சுடுவாங்க. நீ சொன்னதுதான்."

அவன் கொஞ்ச நேரம் விரலை மேஜையில் தட்டிக்கொண்டிருந்தான். "என் நாற்காலியை நான் பாத்துக்கறேன். பேர் உன்னோடது, சரி. வேலை என்னோடதுக்கா. நான் எல்லாருக்கும்னு கொடுத்ததை ஒருத்தருக்குன்னு மாத்தி எழுதிக் கொடுக்க உனக்கு உரிமை இல்ல."

இவ்வளவு காலத்தில் அவன் இப்படிப் பிரித்துச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவளுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நியாயம் அவன் பக்கம் என்று தெரிந்தது. "சரிடா, போடலை" என்றாள். அவன் அதை வாக்காக எடுத்துக்கொண்டான்.

மறுநாள் தாடிக்குப் போன் செய்தாள். தாடி என்பவர் வாசிப்பானைத் தொடங்கியவர். பல வருஷம் சம்பளமில்லாமல் நடத்தி, உடம்பும் மனசும் தேய்ந்து, இப்போது அந்தக் கம்பெனியிலேயே சம்பளத்துக்குச் சேர்ந்திருக்கிறார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சும்மா சுமந்தவனுக்குத்தான் சுமையின் கனம் தெரியும்.

"நீங்கதான் முதல் ஆளா போடுவீங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன், அட்டவணையக்கா" என்றார் உற்சாகமாக. "ஒரு கிளிக்தானே!"

"மூணாவது வரி உறுத்துது."

"அது வக்கீலுங்க போடுற வரி. எல்லா இடத்துலயும் இருக்கு. ஆஸ்பத்திரி, பேங்க்னு பெரிய இடங்கள்ல வைக்கணும்னா, இந்தக் கோட் யாரோடதுன்னு நாளைக்கு ஒருத்தன் வழக்குப் போடாம இருக்கணும். எல்லாம் ஒரு கைக்கு வந்தாத்தான் நம்புவான். புரியுதில்ல?"

"உரிமை ஒரு கைக்கு வர்றது வேற, பூட்டுற உரிமை வர்றது வேற."

தாடி சிரித்தார். "ஒரு தடவை போன்ல உங்க தம்பி பேசின மாதிரியே பேசறீங்க. அவருக்கும் இதுல ஆர்வமா?"

உண்மை அவள் நாக்கு நுனி வரை வந்தது. அவன்தான் எழுதினான், எல்லாம் அவன்தான் என்று சொல்லிவிட்டால் நெஞ்சில் இருக்கும் கல் இறங்கிவிடும். ஆழம் பார்க்கிற மாதிரிக் கேட்டாள். "யாரோ ஒருத்தர் எழுதினது வேற ஒருத்தர் பேர்ல இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"அப்படி எதாச்சும் இருக்கா?" அவர் குரலில் இருந்த சிரிப்பு நின்றுவிட்டது. "இருந்தா சங்கடம்தான். நிஜமா எழுதினவர் கையெழுத்துப் போடற வரைக்கும் அந்தப் பகுதியைத் தூக்கிடுவோம். மறுபடி எழுத ஆள் போட்டா, அது முடியறதுக்கு எவ்வளவு காலமாகும்னு சொல்ல முடியாது. எதுக்குக் கேக்கறீங்க?"

"சும்மாத்தான்" என்று மென்று விழுங்கினாள்.

சட்டப் பிரிவுக்குப் போனது அதைவிடப் பெரிய கூத்து. போடலை என்று சொல்லியிருந்தும், ஒருவேளை போட நேர்ந்தால் இரண்டாவது வரிக்கு முதலாளியின் சம்மதம் வேண்டுமே என்று, தன் கம்பெனியின் வக்கீல் அம்மாவிடம் போய் நின்றாள். அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றாமல், கண்ணாடிக்கு மேலாகப் பார்க்கிற ரகம்.

"என் சிநேகிதிக்காகக் கேக்கறேன்" என்று ஆரம்பித்தாள்.

"உங்க சிநேகிதி நம்ம கம்பெனியா?"

"ம்... ஆமா."

"அப்போ சொல்லிடுங்க. வேலையில இருக்கற வரைக்கும் அவங்க எழுதற கோட் எல்லாம் கம்பெனியோடது. ராத்திரி எழுதினா என்ன, லீவுல எழுதினா என்ன. குளிக்கும்போது தோணினாலும் துடைச்சுட்டு வந்து இங்கதான் கொடுக்கணும்." தன் நகைச்சுவையைத் தானே ரசித்துவிட்டு, "எந்த புராஜெக்ட்? கண்ணு தெரியாதவங்களுக்கு எழுதறீங்களே, அதுவா? உங்க பயோடேட்டால பார்த்த ஞாபகம்" என்றாள்.

"அது நான் வேலைக்குச் சேர்றதுக்கு முன்னாடியே எழுதினது மேடம்."

"சேர்ந்தப்புறம் ஒரு வரிகூட எழுதலையா?"

வேலை இருக்கிறது என்று நழுவி வந்துவிட்டாள். மாலைக்குள் மின்னஞ்சல் வந்துவிட்டது. வெளி வேலைகள் ஏதேனும் இருப்பின் விவரமாக எழுதித் தெரிவிக்கவும்.

எழுதித் தெரிவிக்க வேண்டுமாம். என்னவென்று எழுதுவாள்? அவளே எழுதினாள் என்றால் கம்பெனி கையை நீட்டும். பார்வையில்லாத ஒருவன் ஊருக்கென்று எழுதியதை ஓர் இன்சூரன்ஸ் கம்பெனி தன்னுடையது என்று சொல்லும். அவள் எழுதவில்லை என்றால், நேர்முகத்தில் சொன்ன ஆமாம் எழுந்து நின்று கேள்வி கேட்கும். ஒப்பந்தத்தின் அழகு அவளுக்கு அன்றைக்குத்தான் முழுசாக விளங்கியது. முதல் வரி பொய்யாக இருந்தால்தான் இரண்டாவது வரி உண்மை. இரண்டிலும் டிக் போட்டால்தான் மூன்றாவது கட்டம் திறக்கும்.

வீட்டில் கணவரிடம் மட்டும் சொன்னாள். அவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைத் துடைத்தபடி கேட்டார்.

"லிஃப்ட்ல மாட்டிக்கிட்டவங்களுக்கு நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான். கதவை நீங்களே நெம்பாதீங்க. நெம்பினவங்களுக்குத்தான் கை போயிருக்கு."

"வெளியில இருந்து திறக்க ஆள் வரணுமே. யார் வருவா?"

"அது..." என்று அவர் துணியை மடித்தார். "அது லிஃப்டுக்குச் சொன்னேன்."

யாரும் வரமாட்டார்கள் என்று அவருக்கும் தெரிந்திருந்தது. அவருக்குச் சம்பந்தமில்லாத பழியை அவர் மேல் போட்டு அன்று கொஞ்சம் சண்டையும் போட்டாள். அதில் ஓர் ஆறுதல்.

பிறகு ஒரு மாலை, வெளியே தூறிக்கொண்டிருந்ததால், தம்பியை அழைத்துவரக் குடிநீர் அலுவலகத்துக்குப் போனாள். அவன் அழைப்பில் இருந்தான். அவள் வந்தது தெரியாது. நீளமான அறை, சுவரெல்லாம் ஈரத்தின் வரைபடம். ஒரு காதில் தொலைபேசி, மறு காதில் வாசிப்பான். விரல்கள் அட்டவணையில் மேலும் கீழும் ஓடின. "உங்க தெருவுல காலையிலேயே வேற ரெண்டு பேர் சொல்லியிருக்காங்கம்மா. வால்வுதான். ஆள் கிளம்பிட்டாங்க. பக்கத்துத் தெருவுல தண்ணி வருது, குடத்தை மட்டும் அங்க அனுப்புங்க." எதிர்முனையில் திட்டிக்கொண்டிருந்த யாரோ அடங்கினார்கள். வாசலில் காத்திருந்தவர்களும் அவன் மேஜைப் பக்கமே நின்றார்கள். காலியாக இருந்த மேஜைக்கு யாரும் போகவில்லை.

மேலாளர் அவளைப் பார்த்துவிட்டு எழுந்து வந்தார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம்.

"சாஃப்ட்வேர் மாறப் போகுதாமே, அட்டவணை வாசிக்காதுன்னு சிஸ்டம் பிரிவுல சொன்னாங்க. கவலைப்படாதீங்க. தம்பிக்குச் சம்பளம் எங்கேயும் போகாது. பின்னாடி அறையில ஒரு நாற்காலி போட்டுடறோம். வந்து உக்காந்துட்டுப் போகட்டும். ஒரு வேலையும் இருக்காது, நிம்மதி."

பின்னாடி அறையின் கதவு திறந்திருந்தது. உடைந்த மீட்டர்கள், சுருட்டிய குழாய், ஒருவர் உட்கார இடம். வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும். அவள் தம்பி, ஊரின் திட்டையெல்லாம் ஒரே ஆளாக வாங்கி அடக்கிக்கொண்டிருக்கிறவன், அங்கே மீட்டர்களோடு மீட்டராக உட்கார்ந்திருப்பான். காலையில் சவரம் செய்து, சட்டையை இஸ்திரி போட்டு, ஒன்றும் செய்யாமல் இருக்கக் கிளம்பி வருவான். 'என் நாற்காலியை நான் பாத்துக்கறேன்' என்று அவன் சொன்னபோது இந்த நாற்காலியை நினைத்திருக்க மாட்டான்.

வழியில் அவள் முழங்கையைப் பிடித்து நடக்கும்போது, "ஏன்க்கா பேச மாட்டேங்கறே?" என்று கேட்டான். மழை என்றாள்.

கெடு முடிகிற அன்று அவள் வேலை செய்கிற கட்டிடத்தின் மாடிப்படி வளைவில் போய் நின்றுகொண்டாள். அங்கே யாரும் வருவதில்லை, லிஃப்ட் இருக்கிறதே. போனில் அந்தப் பக்கத்தைத் திறந்தாள். இது என் சொந்தப் படைப்பு: டிக். முதலாளிக்கு உரிமை இல்லை: டிக். மூன்றாவது கட்டத்தில் விரல் நின்றது. தெருக் குழாய் ஞாபகம் வந்தது. பின்னாடி அறையும் ஞாபகம் வந்தது. சரியானதைச் செய்ய அவளுக்கு ஆசைதான். எந்தப் பக்கம் திரும்பினாலும் சரியானது என்று ஒன்று கண்ணில் படவில்லை. டிக் போட்டாள்.

அவ்வளவுதான் என்று நினைத்தால், கடைசியாக ஒரு படப் புதிர் வந்தது. போக்குவரத்து விளக்கு உள்ள கட்டங்களைத் தொடவும்.

முதல் தடவையிலேயே சரியாகத் தொட்டுவிட்டாள்.

சிவப்புப் பெருக்கல் குறி பச்சையாக மாறியது. தாடி கைதட்டும் பொம்மைகளை வரிசையாக அனுப்பினார். வக்கீல் அம்மாவுக்கு, வெளி வேலை எதுவும் இல்லை என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். அதுவாவது உண்மை என்று நினைத்தபோது அவளுக்கே சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

வாரங்கள் போயின. ஒரு நாள் தம்பி படியேறும்போதே கத்திக்கொண்டு வந்தான். "அக்கா! ஆஃபீஸ்ல புதுப் பதிப்பு போட்டாங்க. அட்டவணை அப்படியே இருக்கு! எடுக்கலை!"

"அப்படியா?" என்றாள் பாத்திரத்தைக் கழுவியபடி.

"நான் சொன்னேன் இல்ல, பிடிவாதமா நின்னா இறங்கி வருவாங்கன்னு. தாடி நல்லவன்க்கா. உள்ள இருந்து சண்டை போட்டிருப்பான்." அவன் முகமெல்லாம் சிரிப்பு. "நீயும் நின்னியே, அதைச் சொல்லு. உன் பேருக்கு எவ்வளவு நெருக்கடி கொடுத்திருப்பாங்க!"

குழாயைப் பெரிதாகத் திறந்துவிட்டாள். அன்று அவன் அவளுக்குக் கொடுத்த பாராட்டுதான் அவள் வாங்கியவற்றிலேயே கனமானது. சொல்லிவிடலாம், இப்போதே சொல்லிவிடலாம் என்று நினைத்து நினைத்து, கழுவிய பாத்திரத்தையே திரும்பக் கழுவினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. கணவர் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். தம்பி வீட்டுக் கணினியிலும் புதுப் பதிப்பை இறக்கிக்கொண்டிருந்தான். அலுவலகத்தில் சிஸ்டம் பிரிவே எல்லாவற்றையும் முடித்துக் கொடுத்துவிடும். வீட்டில் முதல் தடவை திறக்கும்போது வருகிற வரவேற்புரையை முழுக்கக் கேட்டால்தான் அடுத்தது. ஒலிபெருக்கியில் தையல் மெஷின் ஓட ஆரம்பித்தது. கணவர் வழக்கம்போல ஏதோ கிண்டல் சொல்ல வாயெடுத்தார்.

சத்தம் நின்றது.

தம்பி ஒரு விசையைத் தட்டினான். திரும்ப ஓடியது. திரும்ப நிறுத்தினான். பிறகு, அவன் அந்த வீட்டில் ஒருநாளும் செய்யாத காரியத்தைச் செய்தான். வேகத்தைக் குறைத்தான். ஒரு படி, இன்னொரு படி, இன்னும் ஒன்று, கடைசியில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிற நிதானத்துக்குக் கொண்டுவந்தான். எல்லாருக்கும் புரிகிற வேகம்.

வாசிப்பான் தெளிவாகச் சொன்னது. "இந்தப் பதிப்பு முதல் வாசிப்பான் எங்கள் நிறுவனத்தின் தயாரிப்பு. அலுவலகங்களுக்கான பதிப்பு இனி தனி உரிமத்தின் கீழ் வெளிவரும். அதன் மூல நிரல் வெளியிடப்படாது. அட்டவணை வாசிப்புப் பகுதியைத் தம் சொந்தப் படைப்பென உறுதியளித்து, முழு உரிமைகளுடன் எங்களுக்கு வழங்கியவருக்கு எங்கள் சிறப்பு நன்றி."

அடுத்து அவள் பெயரைச் சொன்னது. முழுப் பெயர். ஒடிக்கவில்லை, விழுங்கவில்லை. ஒவ்வோர் எழுத்தும் அதனதன் இடத்தில், அவள் அம்மா கூப்பிட்ட மாதிரியே இருந்தது.

இஸ்திரிப் பெட்டியைக் கணவர் நிமிர்த்தி வைத்தார். அவள் மடித்த துணியைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அந்தச் சின்ன அறையில் போவதற்கு வேறு இடம் இல்லை.

"உன் நாற்காலிக்காகத்தான்டா" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை.

தம்பி முகத்தை அவள் பக்கம் திருப்பினான். கோபம் இருந்தால் தாங்கியிருப்பாள்.

"பேரு சுத்தமா வாசிக்குதுக்கா" என்றான். "யார் எழுதினதோ, நல்லா எழுதியிருக்காங்க."

பிறகு மேஜை இழுப்பறையைத் துழாவி, அலுவலகத்துக்கு மட்டும் எடுத்துப் போகிற இயர்போனை எடுத்துக் கணினியில் செருகி, இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டான். விரல்கள் ஓட ஆரம்பித்தன. வீட்டில் சத்தம் எதுவும் இல்லை.